செல்போனுக்குள் காடு

கே: மரம், பறவை, அருவி எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்த்துவிடலாமே! மனசு லேசாக வெளியே வேறு போகணுமா?

ப: பிரியாணிப் படத்தைப் பார்த்தால் பசி அடங்குமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ராஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இது. படுக்கையிலிருந்து பார்த்த நிஜ மரமே இவ்வளவு செய்தால், அதன் நிழலிலேயே போய் நின்றால்?

வாரத்துக்கு 2 மணி நேரமாவது இயற்கையோடு இருப்பவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்கிறது 2019-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. இன்று மாலை செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, தெருமுனை வேப்பமரம் வரையாவது நடந்துவிட்டு வாருங்கள்.