இரண்டு ரூபாய் உயர்வு

ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கொடி பிடித்ததில், 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் குறைந்தபட்ச ஊதியத்துக்கென்று ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டின் இடைநிலை ஊதியத்தில் 60 சதவீதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்றது. டென்மார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சம்பளத்தை எங்கள் சங்கங்களும் முதலாளிகளும் பேசிக்கொள்வார்கள், நீங்கள் யார் என்று வழக்கே போட்டது. பணக்கார வீட்டுச் சண்டைக்குத் தனி அழகு உண்டு.

நம் தமிழ்நாட்டுக் கல்வராயன் மலையில் இந்தச் சிக்கலெல்லாம் இருந்ததில்லை. மலையைக் கையில் வைத்திருந்த மூன்று ஜாகிர்தார்கள் இருந்தார்கள். மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். கூலி என்று ஒன்று இருந்தால்தானே குறைந்தபட்சம் எவ்வளவு என்ற கேள்வி வரும்? நாட்டுக்கு விடுதலை 1947-ல். ஜாகிர் போய் மலை அரசின் கைக்கு வந்தது 1976-ல். சாலை வசதி குறைவு, சேதி மேலே ஏற 29 ஆண்டு பிடித்திருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-ல்தான்.

இப்போது நமக்கும் தேசிய அடிமட்ட ஊதியம் உண்டு. 2017-ல் நாளுக்கு 176 ரூபாய். 2019-ல் மனம் இளகி 178 ஆக்கினார்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது கிடையாது, அது வேறு விஷயம். கூடுதலாகக் கிடைத்த இரண்டு ரூபாயோடு கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் பஸ் ஏறினால் நடத்துநர் எவ்வளவு தூரம் கூட்டிப்போவார் என்று தெரியவில்லை.

மலை ஆட்கள் கூலி தேடிக் கேரளத்துக்கும் குடகுக்கும் இறங்கிப் போகிறார்கள். டென்மார்க் கொஞ்சம் தூரம்.