செல்வழிக் கும்பிடு: ஒரு வகைநூல்

மாணாக்க, ஏட்டை விரி. சமயமும் குமுகாய மாற்றமும் என்னும் பெரும்பொருளை ஆய்ந்தோர் பலர். எனினும் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே விரைவோர், ஒரு கோயிலைக் கடக்கும் நொடியில் தம் கையை என்ன செய்கிறார்கள் என்பதை முறைப்படப் பகுத்தார் இலர்.

1938 திசம்பரில் உலக மறைபரப்புக் குழுவினர் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கூடினர். பிற சமயங்களை எவ்வாறு நோக்குவது என்று இரண்டு கிழமைக்கு மேல் சொல்லாடினர். எந்திரிக் கிரேமர் என்னும் இறையியலார் அதற்கென்றே தடித்த நூலொன்று எழுதி வந்திருந்தார். கல்லூரிக்கு அருகே மின்தொடர்வண்டி 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. அதில் செல்வோர் தொடும் கன்னங்களை எண்ணும் பணி மட்டும் தொடங்கப்படவில்லை.

இனி இலக்கணம். செல்வழிக் கும்பிடாவது இறங்காமலும், சூடம் கொளுத்தாமலும், கடந்துபோகும் தெய்வத்துக்குக் கையால் செலுத்தும் கடன். உறுப்பு மூன்று: காண்டல், தொடல், முணுமுணுத்தல். இறுதி உறுப்பு இல்லாதபோதும் கும்பிடு நிறையும்.

அதன் வகை நான்கு. எற்றாலெனின், பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலையில் திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு நிலையில் காட்சி தருகிறார். வணங்கப்படுவார்க்கு நான்கெனின் வணங்குவார்க்கும் நான்கே. ஐந்தென்பார் கூற்று மறுக்கப்படும்.

1. நடந்த கும்பிடு. இதன் தலையாய அடையாளம் அரைச்செருப்பு. தெருமுனைப் பிள்ளையார் முன் வலக்குதிகால் மட்டும் செருப்பைவிட்டு எழும். விரல்கள் வாரை விடா. முழுச்செருப்புக் கழற்றல் அருகிவிட்டது. கயிறு கட்டும் காலணியே அதற்குப் பொறுப்பு.

2. நின்ற கும்பிடு. தொடர்வண்டியில் ஒரு கை கம்பியில், மறு கை கைப்பேசியில். ஆகவே கைப்பேசியே கன்னத்தில் படும். இதனைக் கருவிக்கன்னம் என்க. கும்பிட்டது கையா கருவியா என்று ஐயுறாதே. அகப்பையால் பரிமாறினாலும் சோறிட்டவள் தாயே. வாயிலில் தொங்குவோர் கும்பிடு இதன் கிளை. 2025 ஏப்பிரலில் வந்த குளிரூட்டிய வண்டியில் கதவு தானே மூடிக்கொள்வதால் அக்கிளை அங்கே இல்லை.

3. இருந்த கும்பிடு. இது கடல். நான்கு உள்வகை மட்டும் சொல்வேன்.

அ. பலகணிக் கும்பிடு. கோயில் கண்ணுக்குத் தெரிய வேண்டுவதில்லை. நங்கநல்லூர் அனுமன் 32 அடி உயரம். ஆயினும் அவர் ஊருக்குள் நிற்கிறார். பழவந்தாங்கல் என்னும் பெயர்ப்பலகையே போதும், கை எழும்.

ஆ. இருநெறிக் கும்பிடு. பரங்கிமலையைக் கடக்கையில் நீறு பூசிய ஒருவர் மலைமேல் இருக்கும் தோமையார் கோயிலை நோக்கி நெற்றியும் நெஞ்சும் தொட்டு விரலை முத்தமிட்டார். அவரே சற்று நேரத்தில் ஒரு பிள்ளையாருக்குத் தலையில் குட்டிக்கொண்டார். மறுகையில் சாப்பாட்டுப் பை இருந்தமையின் இஃது அரைக்குட்டு.

இ. கவசக்கன்னம். இருசக்கர ஊர்தியோட்டி சிவப்பு விளக்கில் நிற்கையில் தலைக்கவசத்தின் மேலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வது. டொக், டொக் என்னும் ஓசையால் அறியப்படும்.

ஈ. மாற்றாள் கும்பிடு. மில்ட்டன் சிங்கர் என்னும் அமெரிக்கர் சென்னை ஆலை முதலாளிகளையும் ஆராய்ந்து 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். வேலை மிகுந்தோர் சடங்கை விட்டுவிடவில்லை. சுருக்கிக்கொண்டனர், எஞ்சியதைத் தமக்காகப் பிறர் செய்யுமாறு ஒப்படைத்தனர் என்பது அவர் கண்டது. நன்று. ஆயினும் பின்னிருக்கையை அவர் கருதவில்லை. அதை நாம் நிறைவு செய்வோம். பல்லாவரத்தில் ஓர் அம்மன் கோயிலைக் கடக்கையில், கணவன் பின் அமர்ந்த ஒருத்தி தன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு கையை முன்னே நீட்டி அவன் தலைக்கவசத்தின் கன்னத்தையும் இருமுறை தட்டினாள். “என்ன, லெஃப்ட்லயா போணும்?” என்றான் அவன். “சாமிங்க. நேராப் போங்க” என்றாள். இவ்வுரையாடல் கும்பிட்டின் உறுப்பன்று; விலக்குக.

அற்றேல், அறிவு வளர வளர உலகைவிட்டு மாயம் நீங்கும் என்றாரே செருமானிய அறிஞர் மாக்சு வேபர் எனின், அவர் குரோம்பேட்டையில் ஏறி வேலைக்குப் போனவர் அல்லர் என்க.

4. கிடந்த கும்பிடு. தென்மாவட்டங்களிலிருந்து படுக்கைப் பேருந்தில் வருவோர், விடியுமுன் கண்ணைத் திறவாமலே போர்வைக்குள்ளிருந்து செய்வது. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் அப்பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. தாம்பரத்துக் கோயில்களுக்கு இவ்வரவு குறைந்தது.

பயிற்சி. மாலை வண்டியில் தாம்பரம் நோக்கி வருகையில், பலகணியில் தலைசாய்த்து உறங்கிய ஒருவரின் வலக்கை, பழவந்தாங்கலில் தானே எழுந்து கன்னத்தைத் தொட்டு மடியில் விழுந்தது. குறட்டை நிற்கவில்லை. இஃது இருந்ததா, கிடந்ததா? திங்கட்சீட்டு எடுத்துக்கொண்டு பத்து நாள் அதே பெட்டியில் அமர்ந்து விடை எழுதுக. எந்தக் கன்னம் என்று குறிக்காத விடைக்கு மதிப்பெண் இல்லை.