ரோமாபுரி ராணுவமும் கும்மிடிப்பூண்டி வானமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவரை நிறுத்தி, "வானம் செக்கச் செவேல்னு இருக்கே!" என்று சொல்லிப் பாருங்கள். "ஃபர்னஸ் ஓடுதுங்க" என்று பைக்கை உதைத்துப் போய்க்கொண்டே இருப்பார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸின் படைக்கு இந்த நிதானம் இல்லை. ஒரு ராத்திரி வானம் சிவந்ததும், ஓஸ்தியா நகரம் பற்றி எரிகிறதென்று உதவிக்கு ஓடியிருக்கிறார்கள். தத்துவஞானி செனெகாவே எழுதி வைத்திருக்கிறார். உலகத்தை ஜெயித்த ராணுவம் அணைக்கப் போனது துருவ ஒளியை!

சூரியன் துப்பும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் மாட்டி, துருவங்களின் பக்கம் காற்றோடு மோதுகின்றன. அடி வாங்கிய அணு ஒளி விடுகிறது. கோயில் டியூப்லைட்டில் பேர் எழுதுவார்களே, அப்படி எழுதினால்: பச்சையும் சிவப்பும் உபயம் ஆக்சிஜன், நீலமும் ஊதாவும் உபயம் நைட்ரஜன். கரண்ட் பில் மட்டும் சூரியன் பேரில்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்கள் பட்ட பாடு! சூரியப் புள்ளிக்கும் பூமியின் காந்தப் புயலுக்கும் சம்பந்தமே இல்லை என்று 1892-இல் தீர்ப்புச் சொன்னார் லார்ட் கெல்வின். வெப்பநிலை அளவுக்கே தன் பேரைக் கொடுத்த மனிதர், சூரியனிடம் சூடு வாங்கினார்.

நார்வேக்காரர் பிர்கலாண்ட் விடவில்லை. காற்றை உறிஞ்சிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்த உருண்டையை வைத்து எலெக்ட்ரான்களை ஏவினார். முனைகளைச் சுற்றி ஒளி வளையம்! ஆராய்ச்சிக்குக் காசு வேண்டுமே? மின்காந்தப் பீரங்கி விற்கக் கிளம்பினார். 1903-இல் பிரமுகர்களை உட்காரவைத்து டெமோ. ஷார்ட் சர்க்யூட், மின்தீ, டமால், ஹாலே அல்லோலகல்லோலம். பிறகு இன்ஜினியர் சாம் ஐடேயோடு சேர்ந்து, அதே மாதிரி மின்தீயை வைத்துக் காற்றிலிருந்து உரம் எடுத்தார். போருக்குப் புறப்பட்ட பீரங்கி, வயலில் போய் விழுந்தது.

பச்சை நிறம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற அதே வெகனர், அதற்காக 'ஜியோகொரோனியம்' என்று ஒரு வாயுவுக்கே நாமகரணம் செய்தார். 1925-இல் டொரண்டோவில் மெக்லென்னனும் ஷ்ரமும் ஆளைப் பிடித்தார்கள்: ஆக்சிஜன். வெகனர் மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அதே ஆசாமி!

ஆக்சிஜனுக்கு ஏன் இரண்டு வேஷம்? சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி எலெக்ட்ரிக் ட்ரெயினை நினைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்கிய அணு பச்சை ஒளி விடுவது ஒரு நொடிக்குள் முடிகிற வேலை, கூட்டத்திலும் முடித்துவிடலாம். சிவப்புக்கு இரண்டு நிமிஷம் போல யாரும் இடிக்கக்கூடாது. அது பொன்னேரி தாண்டி, பெட்டி காலியான பிறகுதான். அதாவது காற்று மெலிந்த 200 கிலோமீட்டருக்கு மேலே. அவ்வளவு உயரம் என்பதால்தான் 2024 மே மாதக் காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லே வரை சிவப்பு தெரிந்தது.

நமக்கு? நாம் காந்த நடுக்கோட்டுப் பக்கத்து ஆட்கள், சான்ஸ் இல்லை. ஆனால் 2023 செப்டம்பர் 2 அன்று, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியக் காற்றை, அதாவது அதே மின்துகள்களை அளக்கிறது. நம் ஊருக்கு வரவே வராத வாணவேடிக்கை. அதற்கு வாட்ச்மேன் மட்டும் நம்ம ஏரியா.