குதிரையும் கட்டளையும்

கேள்வி: குதிரை ரேஸில் பணம் கட்டுவது பாவமா? ‘சூதாடாதே’ என்று பைபிளில் கட்டளையே இல்லையே!
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இல்லைதான். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததே சீட்டுப் போட்டுத்தான். ஆனால், சிலுவையடியில் இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப் போட்ட போர்வீரர்களும் அதே பைபிளில்தான் இருக்கிறார்கள். ரேஸ் பிரியர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும் போல. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிறதே பத்தாவது கட்டளை, ஜாக்பாட் என்பது யார் வீட்டுப் பணம்?

கத்தோலிக்கத் திருச்சபை கொஞ்சம் இளகிய மனசு. பந்தயமே அநியாயம் என்று அது சொல்வதில்லை. குடும்பத்துக்கு வேண்டிய காசு அதில் போனால்தான் தப்பு என்கிறது. மெதடிஸ்டுகளிடம் இந்தச் சலுகையெல்லாம் செல்லாது.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பீர்கள். சொன்னது. ஓடுவது குதிரை, ஓட்டுவது ஜாக்கி, மூச்சிரைப்பது மட்டும் உங்கள் பர்ஸ். எதற்கும், பணம் கட்டுமுன் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிரியாரைவிடச் சுருக்கமாகப் பதில் வரும்.