ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் பெட்டி: ஸ்ரீரங்க நெறியும் மலைக்கோட்டை நெறியும்

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் என்பது கைப்பேசியோ சி.டி. பிளேயரோ தரும் மெலிந்த மின்னலைக்கு வலுவேற்றி, ஹெட்போனுக்கு அனுப்பும் சிறு கருவி. இதை வீட்டிலேயே செய்வோர் பெரும்பாலும் சுற்றைப் பற்றி மட்டும் வாதிடுவர். எந்த ஐ.சி. உயர்ந்தது என்ற தகராறு வடகலை, தென்கலை வழக்குக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. பெட்டியைப் பற்றிய பேச்சோ கடைசி நாளில்தான் எழும். பல வீடுகளில் அந்த நாள் வருவதே இல்லை. கருவியின் உறுமலும் சூடும் எந்தப் பாகம் எங்கே அமர்கிறது என்பதைப் பொறுத்தவை. ஆதலால் பெட்டியியலைத் தனித்துறையாகக் கொள்வதே முறை. இத்துறையின் இரு பெரும் நெறிகளும் திருச்சிராப்பள்ளியில் கல்லிலேயே கட்டிக் காட்டப்பட்டுள்ளன.

முதலாவது ஸ்ரீரங்க நெறி. 156 ஏக்கர் பரப்பில் ஏழு மதில்கள். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி இராஜகோபுரத்தின் வழியே நுழைபவர் அடையவளஞ்சான், சித்திரை, உத்திர வீதிகளின் கடைகளையும் வீடுகளையும் கடந்த பிறகே கோயிலின் உட்பகுதியை அடைகிறார். சந்தடி வெளியே, அமைதி உள்ளே. பெட்டிக்கும் இதுவே விதி. 230 வோல்ட் மின்சாரம் நுழையும் சாக்கெட், ஃபியூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஒரு கோடியில். அடுத்து டயோடுகளும் பெரிய கெபாசிட்டர்களும். அதற்கடுத்து ஆம்ப்ளிஃபயர் போர்டு. மறுகோடியில், மெல்லிய அலை வந்திறங்கும் இன்புட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம் தூரத்தின் முப்படியில் தேய்வதால், இடைவெளியை 5 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆக்கினால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். பெட்டி நீளமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான், அழகு இரண்டாம்பட்சம்.

இந்நெறிக்கு ஒரு சிக்கல் உண்டு. வால்யூம் குமிழ் முன்பக்கம் இருந்தாக வேண்டும். இன்புட் சாக்கெட்டோ பின்பக்கம், மின்சார சாக்கெட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறுகிறது. இரண்டையும் பின்பலகையின் எதிரெதிர் மூலைகளுக்குத் தள்ளி, இன்புட்டிலிருந்து முன்பலகை வரை ஷீல்டு வயர் இழுப்பது ஒரு வழி. வால்யூம் கண்ட்ரோலையே பின்னால் இன்புட்டுக்கு அருகில் பொருத்தி, அதிலிருந்து நீண்ட தண்டை முன்பலகை வரை நீட்டிக் குமிழை மாட்டுவது இன்னொன்று. பின்னதே சிறந்தது, முன்னதையே எல்லாரும் செய்கிறார்கள்.

இரண்டாவது மலைக்கோட்டை நெறி. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், 83 மீட்டர் உயரத்தில் உச்சிப் பிள்ளையார் என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழும்புவது. மேசையில் இடமில்லாதவர்களுக்கு இது கவர்ச்சியானது. அடுக்கு டிபன் கேரியர் இதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றும்: கீழடுக்கில் டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் மின்வழங்கி, மேலே ஆம்ப்ளிஃபயர். ஆனால் சூடும் பக்தரைப்போல் மேல்நோக்கியே ஏறுகிறது. ஹீட் சிங்க் இல்லாத சாதாரணப் பவர் டிரான்சிஸ்டர் 1 வாட்டைச் சூடாகக் கழித்தால், அதன் உட்பகுதி சுற்றியுள்ள காற்றைவிட 60 டிகிரிக்கு மேல் சூடேறும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியின் காற்றே 40 டிகிரி. மூடிய அடுக்குக்குள் நிலைமை என்னவாகும் என்பதை மே மாதத்தில் மலையேறியவர்கள் சொல்வார்கள். வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரின் நடுவே செல்லும் போல்ட் பற்றியும் எச்சரிக்கை தேவை. அந்த போல்ட் அடித்தட்டையும் மேல்மூடியையும் ஒருசேரத் தொட்டால் பெட்டியே ஒரு சுற்றுக் கம்பியாக மாறிக் குறுக்கிணைப்பு உண்டாகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், இல்லையேல் டிரான்ஸ்ஃபார்மர் போகும். மின்சாரத்தில் இயங்கும் கருவிக்கு ஸ்ரீரங்க நெறியே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

பேட்டரியில் இயங்குவது தனி வகை. சூ மோய் என்ற அமெரிக்கரின் வடிவமைப்பு 9 வோல்ட் பேட்டரியோடு பெப்பர்மின்ட் மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் அடங்கி உலகெங்கும் பரவியது. அதன் தமிழ்நாட்டு வாரிசு எவர்சில்வர் டப்பா. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் உறுமலுக்கு உள்ளே மூலமில்லை. ஆனாலும் உலோக உறை தேவை: உறையில்லாத சுற்றில் நீண்ட இன்புட் வயர் ஏரியலாகி, 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் மத்திய அலை, ஹெட்போனில் அழையா விருந்தாளியாக நுழையக்கூடும். இன்புட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 470 பிக்கோஃபேரட் கெபாசிட்டரும் வைத்தால் அந்த வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மீதியை டப்பா தடுக்கும். பேட்டரியை இரு ரெசிஸ்டர்களால் பாதியாகப் பிரிக்கும் இவ்வகைச் சுற்றில் டப்பா, ஹெட்போன் சாக்கெட்டின் வழியே, அந்த நடுப்புள்ளியோடு சேர்ந்துவிடுகிறது. அடாப்டருக்கான உலோக சாக்கெட்டும் அதே டப்பாவில் இறுகினால் பாதி மின்வழங்கி ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் உடல் கொண்ட சாக்கெட்டே இதற்கு மருந்து.

உலோகத் தேர்வில் ஒரு முரண். மலைக்கோட்டை அடிவாரத்தில் பாத்திரம் வாங்குவோர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டம் என்று ஒதுக்குவர். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டிக்கோ ஒட்டுவதே மேல். காந்தப்புலத்தை ஓரளவு தாங்குவது அதுதான். அலுமினியம் மின்புலத்தை மறைக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அவ்வளவாகச் சட்டை செய்யாது. எவர்சில்வரில் துளையிடும்போது டிரில்லை வேகமாகச் சுற்றினால் தகடு இறுகி மேலும் கடினமாகும். மெதுவான சுழற்சி, அழுத்தம், இரண்டு சொட்டு எண்ணெய் வேண்டும். பெல் ஆலையை ஒட்டித் துவாக்குடிப் பக்கம் வளர்ந்த பட்டறைகள் அனல்மின் நிலையக் கொதிகலனுக்கே தகடு வளைப்பவை. 1 மில்லிமீட்டர் தகட்டில், அதுவும் ஒரே ஒரு பெட்டி என்று கேட்பவரை அங்கே ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

230 வோல்ட் நுழையும் உலோகப் பெட்டியை மூன்றாம் பின்னின் எர்த்தோடு தனி போல்ட்டில் இணைத்தே ஆக வேண்டும். இதில் நெறி வேறுபாடு இல்லை.

எஞ்சுவது உரிமைச் சிக்கல். தமிழ் வீட்டின் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயரும் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டியின் பெயரைத் துளைத்து வால்யூம் கண்ட்ரோல் பொருத்தியவருக்கு எந்த எர்த்தும் பாதுகாப்பளிக்காது. பெயர் பொறிக்காத டப்பாவைத் தனியே விலைக்கு வாங்குக. முன்பலகையில் இரண்டு, பின்னால் மூன்று என்று துளைகள் விழுந்தபின் அந்த டப்பா தயிர்சாதத்துக்கு உதவாது.