அரை கிலோ கிரீஸ்

நெய்வேலியில் யாரிடமும் கிரீஸைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஊரின் ஜாதகம் அப்படி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது நீரோடு கறுப்பாக என்னவோ சேர்ந்து வந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுக்க 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மண்ணை வெட்ட ஜெர்மன் இயந்திரம், மின்சாரம் எடுக்க சோவியத் உதவி. அன்று முதல் இங்கே ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது: பக்கெட் வீல், கன்வேயர் ரோலர், டர்பைன், பம்ப். சுற்றுகிற எதற்கும் பேரிங் உண்டு. பேரிங் உள்ள இடத்தில் மசகு உண்டு. மசகு உள்ள இடத்தில் அபிப்பிராயம் உண்டு.

நான் கணக்குப் பிரிவு. என் உத்தியோகத்தில் சுழன்றவை நாற்காலியும் மின்விசிறியும் மட்டும். இப்படிப்பட்டவனிடம் ஒரு புல்வெட்டி வந்து சேர்ந்தது. குவார்ட்டர்ஸில் முன்பு இருந்தவர், ஓய்வுபெற்று வடலூரில் கட்டிய வீட்டுக்குப் போகும்போது, "வெச்சுக்கோங்க சார், தோட்டத்துக்கு ஆகும்" என்று விட்டுப்போனது. கையால் தள்ளுகிற ரகம். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதையே புல்லுக்கும் செய்தாலென்ன என்று செய்தது. உருளையில் சுருள் கத்திகள். உருளையின் இரு முனையிலும் பேரிங்.

அந்தப் பேரிங் கத்திய கத்தலில், நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த தெரு முழுக்க எழுந்து வந்துவிட்டது. ஆலோசனைக் குழு அப்படித்தான் கூடியது.

முதலில் பேசியவர் எதிர்வீட்டு மைன்ஸ் அண்ணன். "தம்பி, ஈ.பி. கிரீஸ் போடாம எந்த பேரிங்கும் நிக்காது. பக்கெட் போய்ப் பாறையில மோதும்போது என்ன லோடு வரும்னு தெரியுமா?" ஈ.பி. என்றால் எக்ஸ்ட்ரீம் பிரஷர். பளுவில் எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும் ரசாயனம் கலந்தது. கடலூர் மணற்பாறையோடு மல்லுக்கட்டும் 1,400 லிட்டர் பக்கெட்டுக்கு அது நியாயம். என் இயந்திரம் இதுவரை மோதியவற்றில் பெரியது ஒரு மாங்கொட்டை.

"லோடு கெடக்கட்டும். டிராப்பிங் பாயின்ட் எவ்வளவு?" என்றார் தெர்மல் மாமா. கிரீஸ் இளகிச் சொட்ட ஆரம்பிக்கும் வெப்பநிலை அது. சாதாரண லித்தியம் கிரீஸுக்குச் சுமார் 190 டிகிரி. லித்தியம் காம்ப்ளெக்ஸுக்கு 250-க்கு மேல். "காம்ப்ளெக்ஸ்க்குக் கீழே எதையும் வீட்டுக்குள்ளயே விடாதீங்க." நெய்வேலி மே மாதத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் புல்வெட்டி 190 டிகிரிக்குப் போகிற நாளில், வெட்டுவதற்குப் புல்லும் இருக்காது, தள்ளுவதற்கு நானும் இருக்க மாட்டேன்.

கன்வேயர் பக்கத்து நண்பர் ஒரே வரியில் முடித்தார்: "பேரிங்கையே மாத்திடுங்க சார். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வெச்சது, ஆயுசுக்கும் கிரீஸ் வேணாம்." இன்றைய மோட்டார் மோவர்களில் 6203, 6204 என்று வருபவை பெரும்பாலும் அப்படித்தான், 2ஆர்எஸ் என்று முத்திரை இருந்தால் கிரீஸ் கன்னைக் கீழே வைத்துவிடலாம். என்னுடையதோ கிண்ணத்துக்குள் குண்டுகள் தனித்தனியாக உருளும் பழைய ஏற்பாடு.

கடைசியாக எலெக்ட்ரிக்கல் சார். அவர் கட்சி பாலியூரியா கிரீஸ். மோட்டார்க்காரர்கள் பலரும் அந்தக் கட்சி. ஆனால் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "எதை வேணா போடுங்க, பழசு மேல புதுசப் போடாதீங்க. நல்ல கிரீஸ் ரெண்டு சேர்ந்தா தண்ணியா ஓடிரும்." லித்தியமும் பாலியூரியாவும் பல சமயம் ஒத்துப்போகாது என்பது உண்மை. அன்று கிடைத்த அறிவுரைகளில் என் புல்வெட்டியை நேரில் பார்த்துச் சொன்னது இது ஒன்றுதான். மற்றவர்கள் அவரவர் இயந்திரத்துக்குத்தான் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனவே புத்தகத்தைப் பிரித்தேன். கிரீஸ் என்பது பெரும்பாலும் சோப்பு பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் எண்ணெய்தான். வேலை செய்வதும் அதுதான். சோடியம் சோப்பு சூடு தாங்கும், தண்ணீரில் கரைந்துபோகும். கால்சியம் சோப்பு தண்ணீருக்கு அசையாது, சூட்டில் கலங்கும். லித்தியம் இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். கெட்டித்தன்மைக்கு என்.எல்.ஜி.ஐ. என்ற அளவு, 000 முதல் 6 வரை. அமெரிக்கர்கள் இதை விளக்க, 2 என்பது வேர்க்கடலை வெண்ணெய் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். படித்துக் காட்டியதும் என் மனைவி நம் ஊருக்கு மாற்றிக் கொடுத்தாள்: "000 ரசம், 0 மோர்க்குழம்பு, 2 கெட்டிச் சட்னி, 3 அல்வா, 6 போன தீபாவளிக்கு நீங்க கிண்டின மைசூர்பாகு."

இன்னொன்றும் கிடைத்தது. லித்தியம் கிரீஸுக்கு 1942-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை வாங்கினார். இன்று அதில் சேரும் சோப்பு பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது? விளக்கெண்ணெயிலிருந்து. ஹைட்ரஜன் ஏற்றிய விளக்கெண்ணெயில் கிடைக்கும் கொழுப்பு அமிலத்தோடு லித்தியத்தைச் சேர்க்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் என் தாத்தா, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மை போடுவார். காப்புரிமை வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என் கணக்கு எளிதாக முடிந்தது. நடை வேகம், பளு இல்லை, சூடு இல்லை. பகை மூன்று: மழை ஈரம், புல்லின் சாறு, செம்மண். ஆகவே லித்தியம், நம்பர் 2. மந்தாரக்குப்பத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கேட்டேன்.

"வண்டி எது சார்?"

"புல்வெட்டி."

"அது எந்தக் கம்பெனி வண்டி?"

விளக்கியதும், "சிவப்பு வேணுமா, நீலம் வேணுமா?" என்றார். நிறம் வெறும் சாயம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கறுப்பாக இருந்த கிராஃபைட் கிரீஸை மட்டும் ஒதுக்கினேன். அது லாரியின் ஸ்பிரிங் பட்டைகளுக்கு. டப்பாவின் சிறிய அளவே அரை கிலோ.

வீட்டுக்கு வந்து பேரிங்கைக் கழற்றினால், உள்ளே எண்ணெய் வற்றிச் சோப்பு மட்டும் கட்டி தட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குண்டுகளைச் சுற்றிப் பூசினேன். உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். திணித்தால் கிரீஸே பாரமாகி இழுக்கும். மோட்டார் வைத்த வண்டியில் அது சூடாகத் தெரியும், கைவண்டியில் தோள்பட்டையில் தெரியும். பிதுங்கி வெளியே வந்தது மண்ணையும் கூட்டிக்கொண்டு உள்ளே திரும்பும். இரண்டு முனைக்கும் சேர்த்து ஆனது இரண்டு ஸ்பூன். புல்வெட்டி வாயைத் திறக்கவில்லை. நைட் ஷிஃப்ட் தூங்கியது.

மிச்ச டப்பா திண்ணையில் இருந்தது. ஈ.பி. இல்லாத அந்தக் கிரீஸை மைன்ஸ் அண்ணன் சைக்கிளுக்கு வாங்கிப் போனார். ஆயுளுக்கும் கிரீஸ் வேண்டாம் என்ற கன்வேயர் நண்பர் கிணற்று ராட்டினத்துக்குக் கேட்டார். பாலியூரியா கட்சியும் கதவு கீலுக்காகக் கட்சி மாறியது. கடைசியில் தெர்மல் மாமா ஒரு கிண்ணத்தோடு வந்தார், கேட் கிறீச்சிடுகிறதாம்.

"மாமா, இது வெறும் 190 டிகிரிதான். பரவாயில்லையா?"

"கேட் எங்கப்பா அவ்வளவு சூடாகப் போகுது" என்று சொல்லி, டப்பாவின் அடிவரை வழித்து எடுத்துக்கொண்டு போனார்.