பாவாடைப் பட்டிப் புணரியல்: ஓர் ஆய்வு முன்னுரை

ஆய்வுச் சிக்கல்

பாவாடையின் கீழ்க்கரையைப் பாராட்டாதவர் இல்லை. அதன் மேற்பட்டியைப் பற்றி வாய் திறந்தவரைக் காண்பது அரிது. இத்தனைக்கும் ஆறு கஜச் சேலையின் பாரம் முழுவதையும் தாங்குவது ஒன்றரை அங்குல அகலமுள்ள அந்தப் பட்டிதான். கொசுவம் செருகுவது அதில். கல்யாண வீட்டில் முக்கால் கிலோ பட்டு நாள் முழுக்கத் தொங்குவதும் அதில். இவ்வளவு பொறுப்புள்ள உறுப்பைத் தையல்காரர்கள் கடைசியாகத்தான் வெட்டுகிறார்கள். கடைசியாக வெட்டுவதால் துணி பற்றாமல் போகிறதா, பற்றாது என்று தெரிந்தேதான் கடைசிக்குத் தள்ளுகிறார்களா என்பது இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

பாவாடை என்று இங்கே சொல்வது பெரும்பாலும் சேலைக்குள் கட்டும் நாடா வைத்த உள்பாவாடையை. எலாஸ்டிக் வைத்தவையும், மீன்வால் போல ஒட்டிக்கொள்ளும் ‘ஷேப்வேர்’ வகையறாவும் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. பட்டியே இல்லாதவற்றுக்கு இலக்கணம் எதற்கு?

தரவுகளும் அவை தரும் வேதனையும்

ஜவுளிக்கடை வழக்கில் ஓர் உள்பாவாடை என்றால் ‘ரெண்டு மீட்டர்’. இந்த அளவை முதலில் சொன்னவர் பட்டி இல்லாத பாவாடையை மனத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 2 மீட்டர் என்பது ஏறத்தாழ 78¾ அங்குலம். துணி 36 அங்குல அகலமுள்ள பருத்திப் பாப்ளின். கட்டுபவருக்குப் பாவாடை உயரம் 38, இடுப்பு 36 என்று கொள்வோம். தைத்து முடித்த பட்டி ஒன்றரை அங்குலம் போனால், அதற்குக் கீழே 36½ வேண்டும். மேலே பட்டியோடு சேர்க்கும் தையலுக்கு அரை, கீழே மடித்து அடிக்க ஒன்று. ஆக 38. இப்படி இரண்டு நீளம் எடுத்து, பீஸ்களைத் தலைமாற்றி அடுக்கி வெட்டினால் 76 போய்விடும். மிச்சம் 2¾ அங்குலம். பட்டியோ இரண்டாக மடிவது. மூன்று அங்குலத்தோடு இரு பக்கத் தையலுக்கும் ஒன்று சேர்த்து 4 கேட்கும். கையில் இல்லாத இந்த ஒன்றேகால் அங்குலத்தின் மீதுதான் இத்துறை முழுவதும் எழுந்து நிற்கிறது.

இதற்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. பாப்ளினை நனைத்துக் காயவைத்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்குவது சாதாரணம். இரண்டு மீட்டரில் அது ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். அப்படியானால் மிஞ்சுவது ஒன்றேகாலுக்கும் சற்றுக் குறைவு. பட்டி வாளித் தண்ணீரோடு போயிற்று என்று பொருள்.

இந்த இடத்தில் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. நனைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பார் ஒரு சாரார். வெட்டித் தைத்த பிறகு தானே நனையட்டும் என்பார் மறு சாரார். முன்னவர் சொல்வது சரி. பின்னவரிடம் துணி இருக்கிறது. நாடா வைத்த பாவாடையில் இடுப்புச் சுற்று முக்கால் அங்குலம் சுருங்கினாலும் நாடா அதைச் சரிக்கட்டிவிடும், உயரம் முக்கால் அங்குலம் குறைந்தாலும் சேலை மூடிவிடும் என்பது அவர்களுடைய வாதம். எதிர்வாதம் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் என் வீட்டுக் கொடியில் காய்பவை எல்லாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவை.

புணர்ச்சி விதிகள்

துணி பற்றாதபோது ஒட்டுப் போடுவார்கள். ஒட்டு என்பது இரண்டு துண்டுகளின் சேர்க்கை. இரண்டு சொற்கள் சேர்வதற்கு இத்தனை விதி வகுத்த மொழியில், இரண்டு துண்டுகள் சேர்வதற்கு விதி இல்லாதது பெருங்குறை. அதை இங்கே நிறைவு செய்வோம். இடக்கையில் இருப்பது நிலைத்துண்டு, வலக்கையில் இருப்பது வருதுண்டு.

ஒரே துணி, ஒரே இழைப்போக்கு, நேர்க்கோட்டுத் தையல் என்றால் இயல்பு. மற்றவையெல்லாம் விகாரம். அவற்றுள் கெடுதலைத் தவிர்க்கவே முடியாது. ஒவ்வோர் ஒட்டுக்கும் இரு துண்டிலும் அரை அரை அங்குலம் தையலுக்குள் மறைந்துபோகும். நான்கு துண்டு சேர்த்தால் மூன்று ஒட்டு, மூன்று அங்குலம் நட்டம். பற்றாக்குறையைத் தீர்க்கப் போட்ட ஒட்டே பற்றாக்குறையைக் கூட்டும் என்ற இந்த முரணைத் துண்டு சேர்க்கத் தொடங்கியவர்கள் மூன்றாவது துண்டில்தான் உணர்கிறார்கள்.

மூலைக்கு மூலை சாய்வாக அடிக்கும் ஒட்டு அழகானது. தடிப்பு ஒரே கோட்டில் குவியாமல் பரவிவிடும். ஆனால் 4 அங்குல அகலப் பட்டியில் அப்படி ஒரு சாய்வொட்டு 4 அங்குல நீளத்தை விழுங்கும். நேரொட்டு விழுங்குவது ஒன்றுதான். சாய்வொட்டு துணி உள்ளவர்களின் அலங்காரம். நமக்கு அது விதிக்கப்படவில்லை.

திரிதல் என்பது ஒரு துண்டைப் பாவுப் போக்கிலும் அடுத்ததை ஊடைப் போக்கிலும் வெட்டிச் சேர்ப்பது. பாவுநூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டது. இழுத்தால் அதிகம் கொடுக்காது. ஊடை சற்றே கொடுக்கும். இரண்டும் ஒரே பட்டியில் இருந்தால் நாலைந்து துவைப்புக்குப் பின் ஒன்று சுருங்கி மற்றது தளர்ந்து, பட்டி நெளியும். கோணத்துண்டை, அதாவது குறுக்கு வெட்டுத் துண்டை, இடையில் செருகினால் நெளிவு போதாதென்று நீளவும் செய்யும். பிளவுஸ் கழுத்துக்கு ஆகும் கோணத்துண்டு பாவாடை இடுப்புக்கு ஆகாது.

நிலைத்துண்டும் வருதுண்டும் ஒன்றையொன்று எட்டாத நேரத்தில் நடுவே வரும் சின்னத் துண்டை உடம்படுமெய் என்று கொள்க. பழைய தலையணை உறை, லைனிங் மிச்சம், போன தீபாவளிக்கு வெட்டிய பிளவுஸின் கைத்துண்டு எல்லாம் உடம்படுமெய்யாக வந்துள்ளன. நிறம் பொருந்த வேண்டியதில்லை. சாயம் போகாதிருக்க வேண்டும். வெள்ளைப் பாவாடையில் வந்த சிவப்பு உடம்படுமெய் முதல் துவைப்பிலேயே முழுப் பாவாடையையும் விகாரப்படுத்தும்.

ஒட்டு எங்கே விழ வேண்டும்? நடு முன்பக்கம் கூடாது. கொசுவம் அத்தனையும் அங்கேதான் செருகுகிறார்கள். ஏழெட்டு மடிப்புச் சேலையோடு ஒட்டின் தடிப்பும் சேர்ந்தால் வயிற்றில் ஒரு கட்டை வைத்தது போல் இருக்கும். நாடா முடியும் பக்கமும் வேண்டாம், முடிச்சே அங்கே ஒரு மேடு. முடிச்சுக்கு எதிர்ப்பக்க விலாத் தையலின் நேரே வருவதுதான் உத்தமம். அங்கே இருக்கும் ஒட்டைத் தொகைநிலை எனலாம். இருக்கிறது, ஆனால் வெளியே தெரியவில்லை.

ஊக்கு மாட்டிக்கொள்ளல்

பட்டிக்குள் நாடா கோப்பது ஒரு பயணம். நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, பட்டியின் வாயில் நுழைத்து, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ள வேண்டும். ஒட்டில்லாப் பட்டியில் இது இரண்டு நிமிட வேலை. ஒட்டுள்ள பட்டியில், உள்ளே மடங்கிக் கிடக்கும் தையல் விளிம்பு ஊக்கின் தலையைப் பிடித்துக்கொள்ளும். தள்ளினால் போகாது, இழுத்தால் வராது, வலுவாக இழுத்தால் ஊக்கு உள்ளேயே திறந்துகொள்ளும். அதன் பிறகு நடப்பது அவரவர் குடும்ப வரலாறு.

தீர்வு எளிது. ஒட்டுப் போட்டதும் விளிம்புகளை இரு பக்கமும் பிரித்து இஸ்திரி போட்டு, இரண்டு ஓரத்திலும் ஒரு வரி அடித்துவிட வேண்டும். பட்டியை மடித்து மூடிய பின் அந்த இடத்தை எட்ட முடியாது. எந்தத் தையல்காரரும் இதை அறியாதவரல்லர். அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ‘நாடா நீங்களே கோத்துக்குங்கக்கா’ என்று சிரித்துக்கொண்டே பாவாடையை நீட்டினால் அந்த வரி அடிக்கப்படவில்லை என்று துணிந்து முடிவு செய்யலாம்.

உள்பட்டிக் கோட்பாடு

இத்துறையின் பெரிய பாய்ச்சல் உள்பட்டிதான். பட்டியின் வெளிப்பக்கம் மட்டும் பாவாடைத் துணி, உள்பக்கம் வேறு துணி. அப்போது வெளிப்பட்டிக்கு வேண்டியது ஒன்றரையோடு தையலுக்கு ஒன்று, ஆக 2½ அங்குலம். நம்மிடம் மிஞ்சியது 2¾! அதாவது ‘ரெண்டு மீட்டர்’ சொன்னவர் பொய்யரல்லர், உள்பட்டியை நினைத்துச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு சமாதானம் கூறலாம். ஆனால் 36 அங்குல அகலத்தில் குறுக்காக எடுத்த பட்டிக்கு 36 இடுப்பு போக முனை மடிக்க எதுவும் மிஞ்சாது. எனவே விலாப்பக்கம் ஓர் ஒட்டு விழும். உள்பட்டித் துணியைக் கட்டாயம் நனைத்தே வெட்ட வேண்டும். வெளியும் உள்ளும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் பட்டி அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும்.

சிறுமியரின் பட்டுப் பாவாடை இக்கோட்பாட்டைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனது. பட்டில் பட்டியே வேண்டாம் என்று முடிவு செய்து, பருத்தியில் கையில்லாத ஒரு ‘பாடி’ தைத்து, கொசுவிய பட்டை அதில் தொங்கவிட்டார்கள். பட்டு மிச்சம், பாரம் தோளுக்குப் போயிற்று, இடுப்பே வராத குழந்தைக்குப் பாவாடை நழுவவும் இல்லை. சட்டை மேலே மூடிவிடுவதால் பாடியைப் பார்ப்பவர் இல்லை. எனக்குத் தெரிந்து துணிப் பற்றாக்குறைக்கு இதைவிடச் சிறந்த விடை எந்தத் தையல் மேசையிலும் பிறக்கவில்லை.

பேரம் பேசக்கூடாத ஒன்று

நீளத்தில் ஒட்டலாம், நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம், உள்பக்கத்தைப் பழைய துணிக்குத் தாரைவார்க்கலாம். அகலத்தை மட்டும் குறைக்கக் கூடாது. முக்கால் அங்குலப் பட்டியில் நாடாவை இறுக்கினால் அது பட்டியன்று, கயிறு. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2024-இல் ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ மருத்துவ இதழில் இந்திய மருத்துவர்கள் எழுதிய ஒரு குறிப்பு, பல்லாண்டுகள் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா ஓயாமல் உராய்ந்து, ஆறாத புண்ணாகி, புற்றாக மாறியதைப் பதிவு செய்தது. இது மிக அரிது. ஆனால் இடுப்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்த கோடு அரிதன்று, நம் வீடுகளில் பலருக்கு இருக்கும். அகலமான பட்டி பாரத்தைப் பரப்பும், நாடாவை அவ்வளவு இறுக்கவும் தேவைப்படாது.

முடிபு

எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை: கடைசியாக வெட்டுவதால்தான் பற்றவில்லை. இரண்டு நீளங்களுள் ஒன்றின் கரையோரமாக, நெடுக்குவாட்டில், 38 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள ஒரு கீற்றை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். 36 இடுப்புக்கு முனை மடிக்க இரண்டு அங்குலமும் உண்டு. ஒட்டில்லை, பாவுப் போக்காகையால் தளர்வில்லை. நூல் பிரியாத கரையை உள்விளிம்பாக வைத்தால் மடிக்க வேண்டியதில்லை, 3½ அங்குலமே போதும். பாவாடையின் கீழ்ச் சுற்று சிறிது குறையும். நடைக்கு இடைஞ்சல் வராது. பேருந்துப் படியேறுபவர்கள் முதல் நாள் மட்டும் சற்றுக் கவனமாக ஏறவும்.

புறனடை

சொல்லாமல் விட்டவை உள. வெட்டிய பின் தையல்காரரிடமே தங்கிவிடும் துண்டுகளின் கதி அவற்றுள் தலையாயது. ‘அதெல்லாம் சின்னச் சின்ன பிட்டுக்கா, குப்பையில போயிருச்சு’ என்ற சான்று ஒன்றே இதுவரை கிடைத்திருக்கிறது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை துணி கொடுக்கும்போது, வெட்டும் வரை கடையில் நின்று, பட்டியை முதலில் வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.